உருண்டையோட பங்கு

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்க, அண்ணன், பிள்ளைங்க ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். நான் இருக்கேன்.

போன் எடுக்கலன்னு கோவிச்சுக்காதீங்க. போன்ல உங்க குரலும் அவ குரலும் ஒண்ணுதான். கல்யாணம் ஆன புதுசுல, அவதான்னு நெனச்சு உங்ககிட்ட வழிஞ்சு மாட்டிக்கிட்டேனே, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேர்ந்து என்னை எத்தனை மாசம் ஓட்டினீங்க. இப்ப நீங்க ஹலோன்னா எனக்கு அடுத்த வார்த்தை வரமாட்டேங்குது. அதனால எழுதறேன்.

அவ காரியமெல்லாம் முடிஞ்சு வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டேன். லிப்ட்ல நான் ஏறினா எல்லாரும் பேச்சை நிறுத்திடறாங்க. அது பரவாயில்ல. அவ வேலை பாத்த ரெண்டாவது மாடிப் பக்கம் மட்டும் போறதில்ல. துணி துவைக்கிற மிஷினை ஓட்டிட்டு, எடுக்க மறந்துட்டு, மறுநாள் திரும்பவும் அதே துணியை ஓட்டறேன். மத்தபடி ஒண்ணுமில்ல.

ஒரு விஷயம் கேக்கணும். கேக்க வெக்கமாத்தான் இருக்கு. எங்க ஆபீஸ்ல பல வருஷமா ஆயிரக்கணக்கான பிள்ளைங்களைப் பொறந்ததுல இருந்து தொடர்ந்து பாத்துட்டு வர்றோம் இல்லயா. எந்தப் பால் குடிச்சு வளருதுன்னு அவளும் அவகூட இருந்தவங்களும் வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதிட்டு வருவாங்க. எட்டு வயசுல புத்திசாலித்தனத்துக்கு ஒரு பரீட்சை வைப்போம். ரெண்டையும் சேத்துக் கணக்குப் போடறது நான். தாய்ப்பால் குடிச்ச பிள்ளைங்க, பவுடர் பால் குடிச்ச பிள்ளைங்களை விட சராசரியா ஆறு புள்ளி அதிகம் வாங்கறாங்க.

அவ விட்டுட்டுப் போன குழந்தைக்கு இப்ப நீங்க டப்பாப் பால்தான் குடுக்கறீங்க. உங்க பையன் குடிக்கறான், உங்களுக்குப் பால் இருக்கு. முடிஞ்சா ஒரு ஆறு மாசத்துக்கு அவளுக்கும் குடுக்க முடியுமா?

அண்ணனைக் கேட்டதாச் சொல்லுங்க. உடம்பைப் பாத்துக்கோங்க.

உங்க தம்பி

---

பிப்ரவரி 24

தம்பிக்கு,

அக்கா எழுதறேன். இங்க எல்லாரும் சுகம். நீங்க வேளைக்குச் சாப்பிடறீங்களா? அதை எழுதவே இல்லயே.

இதைக் கேக்கறதுக்கா வெக்கப்பட்டீங்க? அவ என் தங்கச்சி பொண்ணு இல்லயா? லெட்டர் வந்த அன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன். முதல்ல முகத்தைத் திருப்பினா. அப்புறம் பிடிச்சா பாருங்க, விடவே இல்ல. உங்க அண்ணன் அவளுக்கு சிட்டுன்னு பேர் வெச்சிருக்கார். எங்க பையன்தான் ஏற்கெனவே உருண்டை ஆச்சே. மூணு மாசம் பெரியவன், ஆனா பக்கத்துல படுக்கப் போட்டா அவளுக்கு மாமா மாதிரி இருக்கான்.

தையல் கடையில இன்னும் லீவு குடுத்திருக்காங்க. அதனால கவலைப்படாதீங்க, எல்லாம் போதும்.

ஆறு புள்ளின்னா நூத்துக்கு ஆறு மார்க்கா? எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவளா இருந்தா புரியற மாதிரி சொல்லுவா.

நேரத்துக்குத் தூங்குங்க.

அக்கா

---

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க லெட்டர் கெடச்சுது. எல்லாரும் சுகம்னு தெரிஞ்சு நிம்மதி. நான் சாப்பிடறேன்.

மார்க் மாதிரி இல்ல. நூறுங்கறது நடுவுல இருக்கிற பிள்ளை. ஆறு கூடினா, வரிசையில நிறையப் பேரைத் தாண்டிப் போயிடலாம். புரியறதுக்காக ஒரு படம் போட்டு அனுப்பியிருக்கேன். மேல போற கோடு தாய்ப்பால், கீழ இருக்கிறது பவுடர் பால்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை குடிக்கறா, வாரத்துக்கு வாரம் எடை எவ்வளவு ஏறுது, இது ரெண்டையும் மட்டும் எழுதுங்க. நடுவுல பவுடர் எதுவும் கலக்காம இருந்தா நல்லது.

அண்ணனுக்கு என் அன்பு.

உங்க தம்பி

---

மார்ச் 27

தம்பிக்கு,

நீங்க நல்லா இருக்கணும்னு நெனச்சுக்கிட்டே எழுதறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்.

படத்தை ப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்கேன். எடையைத் தனியா ஒரு துண்டுல எழுதி இதோட வெச்சிருக்கேன், பாத்துக்கோங்க.

இப்ப சேதி கேளுங்க. சிட்டு குப்புற விழுந்துட்டா! இவ்வளவு சீக்கிரம் எந்தப் பிள்ளையும் விழுந்து நான் பாத்ததில்ல. கதவு திறந்தா திரும்பிப் பாக்கறா. உங்க அண்ணன் கண்ணாடியைக் கழட்டினா அவரை அடையாளம் தெரியாம முறைக்கறா. உங்க நம்பர் வேலை செய்யுது தம்பி.

உருண்டை இருக்கான். அவனுக்கென்ன.

ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. எத்தனை தடவை குடிச்சா, எவ்வளவு எடைன்னு கேக்கறீங்க. யார் ஜாடை, சிரிக்கறாளா, எதுவும் கேக்கலயே. லெட்டர் முழுக்க 'குழந்தை', 'குழந்தை'ன்னு இருக்கு. பேர் சொல்லி ஒரு தடவை எழுதினா என்ன?

உடம்பைப் பாத்துக்கோங்க.

அக்கா

---

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியமா இருக்கணும். நான் வழக்கம்போல.

குழந்தை குப்புற விழுந்த சேதியை மூணு நாலு தடவை படிச்சேன். பாத்தீங்களா? நான் சொன்னேன் இல்ல? எடையும் சரியா ஏறுது. இப்படியே விடாமக் குடுங்க அக்கா.

ஆபீஸ்ல அந்த ஆறு புள்ளியைப் பெருசாப் போட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஒட்டறதுக்கு போஸ்டர் அடிக்கப் போறாங்க. கணக்கை ஒரு தடவை சரிபாத்துக் குடுக்கச் சொல்லி என்கிட்டதான் வந்திருக்கு. பாத்துட்டு இருக்கேன்.

வர முடியல. வேலை இருக்கு.

உங்க தம்பி

---

ஏப்ரல் 21

சகலைக்கு,

நலம், நலம் அறிய ஆவல். லிப்ட் மெக்கானிக்குக்கும் எழுதத் தெரியுமான்னு சிரிக்காதீங்க. பார்ட் வர்றதுக்காக பன்னிரண்டாவது மாடியில டூல் பெட்டி மேல உக்காந்துட்டு இருக்கேன். இந்த பில்டிங்காரங்க எல்லாரும் படி ஏறி என்னைத் திட்டிட்டுப் போறாங்க. அந்த நேரத்துல எழுதறேன். உங்க அக்காவுக்கு இது தெரியாது. தெரிஞ்சா என்னைக் கீழ தள்ளி விட்டுடுவா.

சகலை, ரெண்டு பிள்ளைக்கு அவகிட்ட பால் இல்ல. எந்தக் காலத்துலயும் போதல. உங்க முதல் லெட்டர் வந்த மறுநாளே உருண்டையை டப்பாவுக்கு மாத்திட்டா. இருக்கறது முழுக்க சிட்டுக்கு. அவன் பாட்டிலைப் பிடிக்காம ரெண்டு நாள் கத்தினான். இவ ரூம்ல உக்காந்து அதைக் கேட்டுக்கிட்டே உங்க பொண்ணுக்குக் குடுத்தா. அப்புறம் அவனுக்கு வயிறு சரியில்லாமப் போய் டாக்டர்கிட்ட ஓடினோம். இப்ப சரியாயிட்டான்.

அதுக்காக நான் எழுதல. நானும் டப்பாப் பால் குடிச்சு வளந்தவன்தான். 'என்னைப் பாரு, நல்லாத்தானே இருக்கேன்'னு சொன்னேன். அவ என்னை ஏற இறங்கப் பாத்துட்டு இன்னும் ஜாஸ்தியா அழறா.

விஷயம் அது இல்ல சகலை. நீங்க அனுப்பின படம் ப்ரிட்ஜ்ல இருக்கு. மேல இருக்கிற கோட்டுக்கிட்ட பேனாவால சிட்டுன்னு எழுதியிருக்கா. கீழக் கோட்டுல எதுவும் எழுதல. ஆனா பாட்டில் கழுவப் போறப்பெல்லாம் அது முன்னாடி நிக்கறா. பையன் பின்னாடி போய் நின்னுக்கிட்டு சாவிக்கொத்தை ஆட்டறா. அவன் திரும்பலன்னா மூஞ்சி செத்துப் போயிடுது. அவன் திரும்பினாலும், லேட்டாத் திரும்பினான்கிறா. அன்னைக்கு அவ கடைக்காரங்க பாக்க வந்தாங்க. சிட்டுவைத் தூக்கிக் காட்டினா. இவன் தூங்கறான்னு சொல்லிட்டா. அவன் தூங்கல.

உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. உங்க நெலமை எனக்குத் தெரியும். ஆனா நீங்க படிச்சவர். இதுக்கு ஏதாவது சொல்லுங்க.

பார்ட் வந்துடுச்சு.

அன்புடன்,
சகலை

---

ஜூன் 2

தம்பிக்கு,

சுகமா? ரெண்டு மாசமா உங்ககிட்ட இருந்து ஒரு வரி இல்ல. எடை எழுதி அனுப்பினேனே, அது வந்துச்சா? உடம்புக்கு ஏதாவதுன்னா மறைக்காம எழுதுங்க. உங்க அண்ணனைக் கேட்டா, ஆபீஸ் வேலையா இருக்கும்னு எங்கயோ பாத்துக்கிட்டுச் சொல்றார்.

சிட்டு நல்லா இருக்கா. வாய்க்குள்ளயே ஏதோ பேசிட்டு இருக்கா.

பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா. அவ பையனுக்கு சின்னதுலயே பவுடர் பாலுக்கு மாத்தும்படி ஆயிடுச்சாம். உங்க படத்தைப் பாத்துட்டுக் கேட்டா. அந்த ஆறு புள்ளி போனா போனதுதானா? இல்ல, வேற ஏதாவது குடுத்து, நிறையப் பேசி, படம் காட்டி, எப்படியாவது ஈடுகட்ட முடியுமா? முழுசா முடியாட்டியும் பாதியாவது? உங்களுக்கு நேரம் இருக்கிறப்ப எழுதுங்க. அவசரமில்ல. அவ அடிக்கடி கேக்கறா, அதனாலதான்.

அக்கா

---

ஜூன் 9

அக்காவுக்கு,

நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும். எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல.

அந்தப் பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட சொல்லுங்க, அவ பையன்கிட்ட இருந்து எதுவும் போகல. ஈடுகட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. அந்த ஆறு புள்ளி பாலால வந்தது இல்ல.

இதோட நிறுத்தி அனுப்பிடலாம்னு இருந்தேன். கவர்ல போட்டு ஒட்டியும் ஆச்சு. திரும்பப் பிரிச்சு எழுதறேன்.

போன வருஷம் அவ வயித்துல பிள்ளையோட மூணாவது மாடிக்கு ஏறி வந்து, என் டேபிள் மேல ஏறி உக்காந்தா. இதே படம் ஸ்க்ரீன்ல இருந்துச்சு. "உன் படத்துல பால் தெரியுதுடா, வீடு தெரியலயே"ன்னா. எனக்குப் புரியல. "நான் போற வீட்டையெல்லாம் நீ பாத்ததில்ல. ஒரு வருஷம் பால் குடுக்கறவளுக்குச் சம்பளத்தோட லீவு இருக்கு. கூட மாட ஆள் இருக்கு. அலமாரியில புத்தகம் இருக்கு. அவ படிச்சிருக்கா, புருஷன் படிச்சிருக்கான். பவுடருக்கு மாத்தினவ, கதவுக்கிட்ட நின்னுக்கிட்டே எனக்குப் பதில் சொல்லிட்டு ஷிப்டுக்கு ஓடறா. எட்டு வயசுல நல்ல மார்க் வாங்கினது பாலாலயா, அலமாரியாலயா? ரெண்டும் ஒரே வீட்டுல இருந்தா அதால இது வந்துச்சுன்னு எழுதிடுவியா? மக்கு."

அன்னைக்கே ரெண்டு பேரும் உக்காந்து கணக்கை மறுபடி போட்டோம். அம்மாவோட படிப்பையும் வீட்டு நெலமையையும் சேத்ததும் ஆறு ரெண்டாச்சு. அப்புறம் ஒரே அம்மாவுக்குப் பொறந்த பிள்ளைங்களை மட்டும் எடுத்தோம். ஒண்ணு தாய்ப்பால், இன்னொண்ணு டப்பாப் பால். வீடு ஒண்ணு, அம்மா ஒண்ணு. அதுல வித்தியாசம் இருக்குன்னே சொல்ல முடியல. தாய்ப்பால் நல்லதுதான். சளி, வயித்துப்போக்கு குறையும். அது வேற. புத்திக்கு ஆறுங்கறது மட்டும் இல்ல.

அக்கா, பிப்ரவரியில உங்களுக்கு எழுதறப்பவே இது எனக்குத் தெரியும்.

மறந்து எழுதல. குழந்தைக்கு அம்மா போயிட்டா. அதைத் திருப்பிக் குடுக்க என்னால முடியாது. ஏதாவது ஒண்ணு குடுத்தேன்னு இருக்கணும்னு தோணுச்சு. ரெண்டுன்னு எழுதினா நீங்க செய்ய மாட்டீங்கன்னு பயந்து ஆறுன்னு எழுதினேன். அது யார்கிட்ட இருந்து வரும்னு யோசிக்கலன்னு சொல்லலாம்னு பாத்தேன். யோசிச்சேன். உங்க பையனுக்கு மூணு மாசம் அதிகமாவே கெடச்சிருக்கு, போதும்னு நெனச்சேன். அந்த இடத்துல பேனாவை நிறுத்தல.

குழந்தை குப்புற விழுந்ததை நீங்க எழுதினப்ப நானே நம்பிட்டேன். கணக்குப் போட்டவனே நம்பிட்டேன்.

வேணும்னே ஒரே வீட்டுல, தாய்ப்பால் ஒண்ணு டப்பாப் பால் ஒண்ணுன்னு, அப்படி ஒரு ஜோடியை உண்டாக்கினது நான். இனிமே உருண்டை பின்னாடி சாவியை ஆட்டாதீங்க.

உங்க

---

ஜூலை 14

நீ கையெழுத்துப் போடற இடத்துல 'உங்க'ன்னு எழுதிட்டு விட்டுட்ட. நானும் யார்னு கூப்பிடறதுன்னு தெரியாமத்தான் ஒரு மாசமா எழுதல. சுகமான்னு கேக்கவும் தோணல.

பக்கத்து வீட்டுல எந்தப் பொண்ணும் இல்ல. அது உனக்கே தெரியும். சாவிக்கொத்து விஷயத்தை உனக்கு யார் எழுதினாங்கன்னு எனக்கும் தெரியும். அவரை நான் கீழ தள்ளல. உன் லெட்டரைப் படிக்கக் குடுத்தேன். படிச்சுட்டு பையனைத் தூக்கிட்டு வெளிய போயிட்டார்.

பால் போனா போகட்டும். டப்பாப் பால் ஒண்ணும் விஷம் இல்ல. அதுக்கு நான் அழல. என் பையன் சிரிச்சா, ஆறு குறைஞ்ச சிரிப்பான்னு பாத்தேன். உருண்டு போய் சோபாவுல முட்டிக்கிட்டா, எல்லாப் பிள்ளையும்தான் முட்டிக்குதுன்னு தோணல, நான் பண்ணினதுன்னு தோணுச்சு. மூணு மாசம் அவனை நான் ஒரு தடவை கூட சந்தேகம் இல்லாமப் பாக்கல. வந்தவங்க முன்னாடி ஒளிச்சு வெச்சேன். என் பிள்ளையை. அவன் என்னைப் பாத்துக் கையை நீட்டறான், நான் எண்ணிட்டு இருக்கேன். அதை எந்தக் கணக்குல போட்டுத் திருப்பித் தருவ?

நம்பரே சொல்லாம, 'அக்கா, அவளுக்கு அம்மா இல்ல, கொஞ்சம் குடு'ன்னு கேட்டிருந்தா நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேனா? ரெண்டு பேருக்கும் பங்கு போட்டுக் குடுத்திருப்பேன். மிச்சத்துக்கு ரெண்டு பேருக்கும் டப்பா. நீ நம்பர் சொன்னதால பங்கு போடவே பயந்துட்டேன். பாதி குடுத்தா மூணுதான் வருமோன்னு.

அவ உன் டேபிள் மேல உக்காந்து கேட்டதை மட்டும் பல தடவை படிச்சேன். அப்படியே அவதான். மக்குன்னது உட்பட.

உன் பொண்ணை நீ இன்னும் வந்து பாக்கல.

படத்தை ப்ரிட்ஜ்ல இருந்து கிழிச்சாச்சு.

---

ஜூலை 20

அக்காவுக்கு,

எல்லாரும் நல்லா இருக்கணும்னு கேக்கற யோக்கியதை எனக்கு இருக்கான்னு தெரியல. இருந்தாலும் கேக்கறேன்.

நீங்க கேட்டதைத் திருப்பித் தர என்கிட்ட எதுவும் இல்ல.

போஸ்டர்ல இருந்து அந்த நம்பரை எடுக்கணும்னு எழுதிக் குடுத்துட்டேன். டைரக்டர் மேடம் ரூமுக்குக் கூப்பிட்டு, இத்தனை நாள் ஏன் சொல்லலன்னாங்க. பாலா, வீடாங்கற கேள்வியை முதல்ல கேட்டது ரெண்டாவது மாடியில இருந்த அவதான்னு மட்டும் சொன்னேன். அப்புறம் ரெண்டாவது மாடிக்கு இறங்கிப் போனேன். அவ சீட்டுல இப்ப வேற யாரோ இருக்காங்க. வீட்டு விசிட்டுக்குக் கிளம்ப ஷூ போட்டுட்டு இருந்தாங்க.

வேலை இருக்கு, வர முடியலன்னு எழுதினது பொய். அவ முகத்துல அவ அம்மா இருந்தா என்ன பண்றதுன்னு பயம். இல்லாமப் போனா என்ன பண்றதுன்னும் பயம். எடையைக் கேட்டா முகத்தைக் கேக்க வேண்டியதில்ல.

சிட்டு எப்படி இருக்கா? யார் ஜாடை?

நான் வரலாமா? வேண்டாம்னு சொன்னாலும் சரிதான்.

மக்கு

---

ஜூலை 27

தம்பிக்கு,

இங்க எல்லாரும் சுகம். உருண்டைக்கு ரெண்டு பல் வந்திருக்கு. சிட்டுவோட கால் கட்டைவிரலை வாயில வெச்சுக்கிட்டு விடமாட்டேங்கறான். அவ கத்தறா, அப்புறம் அவளே காலை நீட்டறா.

யார் ஜாடைன்னு நான் எழுத மாட்டேன். வந்து பாரு.

வர்றப்ப பவுடர் டப்பா வாங்கிட்டு வா. பெருசு. எனக்குப் பால் குறைஞ்சுடுச்சு, அடுத்த மாசம் தையல் கடைக்குத் திரும்பப் போறேன். ரெண்டு பேருக்கும் இனிமே ஒரே டப்பாதான். உருண்டைக்கு நீதான் கலக்கிக் குடுக்கணும். கட்டி இல்லாமக் கலக்கு, அவனுக்குப் பிடிக்காது, துப்புவான். உன் சட்டை மேலதான் துப்புவான். துப்பட்டும்.

எனக்கு இன்னும் கோவம் போகல. அது இருக்கும். அதுக்காக நீ வராம இருக்காத.

உங்க அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேங்கறார். கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணு, லெட்டர் போடாத. நான்தான் எடுப்பேன். கேக்கறப்ப அவ குரலாத்தான் இருக்கும். கேட்டுக்கிட்டு, எந்த பஸ்னு சொல்லு.

அக்கா